ரயில் வராத ஊரின் ரயில் நிலையம்

கெப்பாலா பத்தாஸ் சந்தையருகே நின்று, இங்கே ரயில் ஏற எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் கிழக்கே கையைக் காட்டி, தாசேக் குளுகோருக்குப் போங்கள் என்பார்கள். பத்து கிலோமீட்டருக்குள்தான் தூரம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வட மாவட்டத்துக்குத் தலைமையூர் கெப்பாலா பத்தாஸ். மாவட்ட அலுவலகம், பொது மருத்துவமனை, பெரிய பள்ளிவாசல், வங்கிகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. ரயில் மட்டும் இல்லை. நூறாண்டுக்கு முன் ரயில் பாதை போட வந்தவர்கள் இந்த ஊரைத் தொடாமல் கிழக்கே ஒதுங்கிப் போனார்கள். அந்த ஒதுக்கத்தில் பிறந்த ஊர்தான் தாசேக் குளுகோர் என்று சொன்னாலும் தவறில்லை.

ஏன் ஒதுங்கினார்கள்? இந்தக் கேள்வியோடு அந்தப் பத்து கிலோமீட்டரைக் கடந்தால், மண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

மலாய்மொழியில் ‘கெப்பாலா’ என்றால் தலை. ‘பத்தாஸ்’ என்றால் வயல் வரப்பு. வரப்பின் தலைமாடு, வரப்பு தொடங்கும் இடம் என்று பொருள் கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கம் தலைமடை, கடைமடை என்று ஊரை அடையாளம் சொல்வது போன்ற பெயர் இது. (கெடாவில் அலோர் ஸ்டார் விமான நிலையம் இருக்கும் இடத்துக்கும் இதே பெயர். அதுவும் நெல் விளையும் ஊர்தான்.) சுற்றுவட்டாரப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு நில வரைபடமே கண்முன் விரியும். கடலோரத்திலிருந்து உள்ளே வரவர ‘பெர்மாத்தாங்’ என்று தொடங்கும் ஊர்கள் நிறைய வரும். பெர்மாத்தாங் என்பது கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்மேடு. ஒரு காலத்தில் கடல் நின்ற கரை அது. கடல் பின்வாங்கப் பின்வாங்க, மேடுமேடாக வரிபோட்டு விட்டுப் போயிருக்கிறது. மேட்டில் வீடும் தென்னையும், இரண்டு மேட்டுக்கு நடுவிலுள்ள தாழ்வில் நெல் வயலும் என்பதுதான் இந்தக் கரையின் பழைய குடியிருப்பு முறை. ‘லாஹார்’, ‘பாயா’ என்று தொடங்கும் பெயர்கள் சதுப்பைச் சொல்பவை. ‘பொங்சு செரிபு’ என்று ஒரு ஊர் உண்டு. ஆயிரம் புற்று என்று அர்த்தம். தமிழர் யாராவது அந்த ஊருக்குப் பெயர் வைத்திருந்தாலும் புற்றை விட்டிருக்க மாட்டார்கள்.

கடல் பின்வாங்கிய கதைக்குக் கண்கண்ட சாட்சி பெனாகா அருகே, மூடா ஆற்றுக்குப் பக்கத்தில் உள்ள குவார் கெப்பா. அங்கே மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குன்றுபோல் குவிந்து கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். 2017-இல் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. ‘பினாங்குப் பெண்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சிப்பி பொறுக்கியவர்கள் கடலோரத்தில்தான் வாழ்ந்திருப்பார்கள். இன்று அந்த இடம் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கெடா. சற்று வடக்கே பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழர் நெஞ்சில் கடாரம் என்று பதிந்த நிலம். ஆனால் இந்தக் கட்டுரையின் தமிழர்கள் ராஜேந்திர சோழனின் கப்பலில் வந்தவர்கள் அல்லர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மூன்றாம் வகுப்பு மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள்.

1786-இல் பினாங்குத் தீவைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1800-இல் எதிர்க்கரையையும் கெடா சுல்தானிடமிருந்து ஒப்பந்தத்தால் பெற்றது. ஆண்டுக்குக் கொடுத்துவந்த 6,000 ஸ்பானிய டாலர் 10,000 ஆனது. அன்றைய இந்தியத் தலைமை ஆளுநரின் பெயரால் ‘வெல்லஸ்லி மாகாணம்’ என்றார்கள். 1821-இல் சயாமியப் படை கெடாவுக்குள் புகுந்தபோது ஆயிரக்கணக்கான மலாய்க் குடும்பங்கள் மூடா ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் ஓடிவந்தன. சதுப்பை வெட்டி வரப்பு கட்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கெப்பாலா பத்தாஸின் மேற்கு வயல்களை அகதிகள் உண்டாக்கிய வயல்கள் என்றே நான் நினைக்கிறேன். அவற்றின் நேர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓட்டத்தின் அவசரம் நினைவுக்கு வரும்.

இனி ரயில் பாதைக்கு வருவோம். தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரையிலான பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1903-இல் அது தெற்கே சிரம்பான் வரை இணைந்துவிட்டது. தெற்கே இத்தனை வேகமாக ஓடிய ரயில் வடக்கே ஓர் அடிகூட வைக்கவில்லை. காரணம் எளிது. வடக்கே மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. கெடா அன்று சயாமின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. 1909-இல் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கில-சயாமிய ஒப்பந்தம் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றை பிரிட்டிஷார் பக்கம் திருப்பியது. அதோடு சேர்ந்து, சயாம் தன் தென்பகுதி ரயில் பாதையைப் போட்டுக்கொள்வதற்காக மலாய்க் கூட்டு மாநிலங்கள் நாற்பது லட்சம் பவுன் கடன் கொடுத்தன. பாங்காக்கிலிருந்து ஒரு பாதை தெற்கே வரும், பிறையிலிருந்து ஒரு பாதை வடக்கே போகும், இரண்டும் எல்லையில் கைகோக்கும் என்பது ஏற்பாடு. 1915-இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு சேர்ந்தது.

தாசேக் குளுகோர் நிலையம் அந்த வடக்குப் பாதையின் குழந்தை. புக்கிட் மெர்தாஜாமை விட்டுப் புறப்படும் வண்டி இந்த நிலையத்தைத் தாண்டி, பினாங் துங்கால் பக்கம் மூடா ஆற்றைக் கடந்து, சுங்கைப் பட்டாணிக்குப் போகும். (பினாங் துங்கால் என்றால் ஒற்றைப் பாக்குமரம்.) பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை கெப்பாலா பத்தாஸ் வழியாக பும்போங் லீமாவுக்குப் போய், மெர்டேக்கா பாலத்தில் அதே ஆற்றைக் கடக்கிறது. சாலை மேற்கே, ரயில் கிழக்கே. சாலை நெல் வயலோரமாகவும் ரயில் மேட்டு நிலத்தோரமாகவும் போகின்றன. சாலைக்குச் சந்தை வேண்டும், வீடுகள் வேண்டும். ரயிலுக்கு வேண்டியது மூன்று: இளகாத மண், நேர்வழி, ஏற்றிச்செல்லச் சரக்கு. கெப்பாலா பத்தாஸின் ஈர வயல் முதல் இரண்டையும் தராது. மூன்றாவதான சரக்கு, அதாவது ரப்பர், கிழக்கே மேட்டில்தான் விளைந்தது. பாதையை வகுத்த பொறியாளர்கள் தாளில் என்ன காரணம் எழுதினார்களோ, நிலத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் காரணமாகத் தெரிகிறது.

பெயரிலும் அந்த மேட்டு நிலத்தின் வாசம் உண்டு. ‘தாசேக்’ என்றால் ஏரி. ‘குளுகோர்’ என்பது ஒரு புளிப்புக் காய் மரம். மஞ்சளாகப் பழுத்து, வரிவரியாகப் பூசணிபோல் பிதுங்கிய காய். அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி வெயிலில் உலர்த்தினால் சுருண்டு கறுத்துப்போகும். கடையில் ‘அசாம் கெப்பிங்’ என்று பொட்டலமாக விற்பது அதைத்தான். மீன் குழம்பிலும் பினாங்கு லக்சாவிலும் நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பு இதிலிருந்து வருகிறது. கேரளத்துக் குடம்புளியும் இதே குடும்பத்து மரம்தான். ஊரில் குடம்புளி போட்டு மீன் குழம்பு வைத்துப் பழகியவர்களுக்கு இந்த வில்லை ரொம்ப அந்நியமாக இருந்திருக்காது.

ஒற்றைப் பாதைக் காலத்தில் இப்படிப்பட்ட சிறு நிலையத்தின் வேலை ஆள் ஏற்றி இறக்குவது மட்டுமல்ல. ஒரே பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் மோதாமல் விலகிக்கொள்ள ஒரு கிளைப்பாதை வேண்டும். அதைக் காவல் காப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்த நிலையம் வரைக்கும் பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கன். அது கையில் வராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. நிற்காத வண்டிக்கு, பெரிய வளையத்தில் அந்த டோக்கனைக் கட்டி பிளாட்பாரத்தில் நின்று உயர்த்திப் பிடிப்பார்கள். ஓடும் வண்டியிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தைக் கோத்துக்கொண்டு போகும். பழைய வளையம் கீழே விழும். மலாயா ரயில்வேயின் எழுத்து வேலைகளிலும் நிலைய அதிகாரிப் பதவிகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். பாதை போட்டு, கல் அள்ளி, கட்டை மாற்றிய ‘கேங்’ ஆட்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தமிழர்கள். பிளாட்பாரத்தின் மேலே ஒரு தமிழ், கீழே ஒரு தமிழ். இருவரும் ஒரே மொழி பேசினாலும், குடியிருப்பும் சம்பளமும் மரியாதையும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தன என்பதை நம் வரலாறு இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

தீவிலும் இந்த ரயிலுக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. ஜார்ஜ் டவுன் வெல்ட் கீ கரையில், மணிக்கூண்டோடு நிற்கும் சுங்க மாளிகை ஒரு காலத்தில் ரயில்வேயின் கட்டடம். தீவில் தண்டவாளமே இல்லை. ஆனால் பயணச்சீட்டு அங்கே வாங்கி, படகில் பிறைக்குக் கடந்து, பிறகு வண்டி ஏறலாம். தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம் என்று அதைச் சொல்வார்கள். கெப்பாலா பத்தாஸின் நிலைமையும் ஏறக்குறைய அதேதான்: ரயில் உண்டு, ஊரில் இல்லை.

கிழக்கு மேட்டின் தோட்டங்கள் ரப்பருக்கு முன்பே தொடங்கியவை. மாலகோஃப் தோட்டத்தின் பெயரைக் கேட்டால் மலேசியாவில் பலருக்கு அதே பெயருள்ள மின் நிறுவனம் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் முதலில் இந்த மண்ணில்தான் இருந்தது. 1855-இல் கிரிமியப் போரில் பிரெஞ்சுப் படை கைப்பற்றிய கோட்டையின் பெயர் அது. பிரெஞ்சுத் தோட்டக்காரர் லியோபோல்ட் ஷாசெரியோ இங்கே மரவள்ளி பயிரிட்டார். ஒரு ரஷ்யக் கோட்டையின் பெயரை வெல்லஸ்லி மாகாணத்தில், திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் தினமும் தங்கள் நாக்கில் உருட்டினார்கள். செபராங் பிறையின் மத்தியிலும் தெற்கிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை முதலில் இழுத்தவை அவைதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கரும்பும் மரவள்ளியும் விலகி ரப்பர் வந்தது. ஒப்பந்தம் போய், ஊரிலிருந்து ஆள் சேர்த்து அழைத்து வரும் கங்காணி வந்தார்.

ரயில் அந்தத் தோட்டங்களுக்கு என்ன செய்தது என்பதை ஒரு ரப்பர் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தால் புரியும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. கிராணி பேர் வாசிப்பார். பிறகு ஆள் ஆளுக்கு ஒதுக்கிய நிரையில் பால் மரம் வெட்டுவார்கள். பால் வடியும் மங்கிலிருந்து வாளி, வாளியிலிருந்து நிறுவை. பாலை வடிகட்டி, அமிலம் விட்டு, தட்டில் உறைய வைப்பார்கள். மறுநாள் உருளையில் கொடுத்தால் வரிவரியாக அச்சு விழுந்த வெள்ளைத் தோல் வெளிவரும். அதைப் புகை வீட்டில் நாள் கணக்கில் தொங்கவிட, தேன் நிறத்துக்கு மாறும். அப்புறம் கட்டு. அந்தக் கட்டு மாட்டு வண்டியில் நிலையத்துக்கு, ரயிலில் பிறைக்கு, படகில் தீவுக்கு, கப்பலில் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகும். எதிர்த்திசையில் வந்தது அரிசியும் ஆளும். நாகப்பட்டினம், சென்னைக் கப்பல்களில் பினாங்கில் இறங்கி, ஜெர்ஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டுச் சோதனை முடிந்தவர்களைக் கங்காணி படகில் பிறைக்கு அழைத்து வந்து வண்டி ஏற்றினார். வடக்கே போனவர்கள் மலாயா மண்ணில் பார்த்த முதல் சில நிலையப் பெயர்ப் பலகைகளில் தாசேக் குளுகோரும் ஒன்றாக இருந்திருக்கும்.

1941 டிசம்பரில் அதே பாதை தலைகீழாகத் திரும்பியது. ஜித்ராவிலும் குருணிலும் தோற்ற இந்தியப் படைப்பிரிவுகள் மூடா ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கின. அந்த மாதம் நடுவில் பினாங்கு கைவிடப்பட்டது. ஜப்பானியர் வந்தார்கள்.

இந்த நிலையத்தின் வரலாற்றில் எனக்கு மிகக் கனமாக இருப்பது 1943. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, வீட்டுக்குத் திரும்பலாம் என்றார்கள். பிறகு சொல்வதையும் நிறுத்தி, சினிமாக் கொட்டகையிலும் தோட்டத்து வாசலிலும் வளைத்து லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் தமிழில் இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனது. அ. ரெங்கசாமியும் தம் ‘நினைவுச் சின்னம்’ நாவலில் இதையே எழுதினார்.

மரண ரயில் பற்றிய பேச்சு எப்போதும் சயாமின் காஞ்சனபுரிக் காடுகளில் தொடங்குகிறது. நான் அதை இங்கிருந்து தொடங்க விரும்புகிறேன். ஜோகூரிலிருந்தோ சிலாங்கூரிலிருந்தோ பேராக்கிலிருந்தோ புறப்பட்ட வண்டி சயாமுக்குப் போக மேற்குக் கரையில் இருந்தது ஒரே பாதை: புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், பாடாங் பெசார். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பெரும் பகுதித் தண்டவாளத்தையே ஜப்பானியர் பெயர்த்து எடுத்து மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே தெற்கிலிருந்து அடைத்த சரக்குப் பெட்டிகளில் நின்றும் குந்தியும் போன அத்தனை தமிழரும் இந்தப் பிளாட்பாரத்தைக் கடந்துதான் போனார்கள். இரும்புப் பெட்டி பகலில் கொதிக்கும், இரவில் சில்லிடும். கதவின் இடுக்கில் தெரிந்தது இதே ரப்பர்க் காடு. மாலகோஃபிலும் மேஃபீல்டு தோட்டத்திலும் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தூரத்தில் அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். நிலையத்தில் இதற்கு ஒரு பலகை வைத்தால் என்ன? ஒரு தூண், இரண்டு வரி, மூன்று மொழி போதும். பாடாங் பெசார் வரை உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்தக் கடன் இருக்கிறது.

போருக்குப் பின் ரயில்வே ‘கெரெத்தாப்பி தானா மெலாயு’ ஆனது. விடுதலைக்குப் பிறகு ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போய் வீடும் போயிற்று. இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் பத்து பத்து வெள்ளியாகக் கொடுத்து, தாங்களே தோட்டம் வாங்கினார்கள். 1969-இல் வேலை பெர்மிட் முறை நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குத் தோட்ட வேலைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. பல குடும்பங்கள் சாமான்களைப் பெட்டியில் அடைத்து மீண்டும் ரயில் ஏறின, இந்த முறை பட்டர்வொர்த் பக்கம். படகில் தீவுக்குக் கடந்து, ‘ரஜுலா’ கப்பலில் சென்னைக்குப் போயின. வந்த வழியே திரும்பிப் போவதில் உள்ள துயரத்தை எழுத ஒரு கட்டுரை போதாது.

ரப்பர் மெல்ல மெல்லச் செம்பனைக்கு இடம் விட்டது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். கெப்பாலா பத்தாஸ் பக்கத்துப் பெர்தாம், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது வரிசை வீடுகளும் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கழகமும் கொண்ட புதுநகரம். 1994-இல் முழுமையடைந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கு பெர்தாமில் ஒரு வாசல் கிடைத்தது. ஐந்தாவது பிரதமர் துன் அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் கெப்பாலா பத்தாஸின் முகமே மாறியது. சாலை ஊர் செழித்தது. ரயில் ஊர் அப்படியே இருந்தது.

பிறகு ரயிலும் மாறியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை போட்டு, மேலே மின்கம்பி கட்டினார்கள். 2015-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. வளையத்தில் டோக்கன் கோக்கும் கைக்கு வேலை இல்லை. பாங்காக்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வந்துகொண்டிருந்த விரைவு வண்டி 2016 இறுதியோடு பாடாங் பெசாரிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பதில் கொம்யூட்டர் ரயில் பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்டு, புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர், சுங்கைப் பட்டாணி என்று நின்று நின்று எல்லை வரை போகிறது. அதில் ஏறுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள்.

மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் இந்த மாவட்டம் ரயிலாலும் சாலையாலும் இரண்டாகப் பிளந்ததாகவே எனக்குத் தெரிகிறது. மேற்கே நெல்லும் மலாய்க் கம்பமும், நடுவே சீனர் கடை வரிசை, கிழக்கே செம்பனையும் தமிழர் கோயிலும். தமிழ்ப்பள்ளிகளின் பெயரைப் பாருங்கள்: மேஃபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி, மாலகோஃப் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு. தோட்டத்து வாழ்க்கை மறைந்தாலும் பள்ளி அந்தப் பெயரை விடவில்லை. பிள்ளைகள் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளின் வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது மரம், பள்ளிக்குப் பெயர் கொடுத்தது தோட்டம். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தது 1915-இன் அந்தப் பாதை.

கடைசியாக ஒன்று. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. லாஹார் தியாங்கில் எடுத்து, கால்வாய் வழியாக சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வயலுக்கும் அந்த ஆறுதான். வடக்கே போகும் கொம்யூட்டரில் தாசேக் குளுகோரைத் தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்தால், செம்பனை நிரை சட்டென்று விலகி, பாலத்தின் இரும்பு கடகடக்க, அந்த ஆறு கீழே பழுப்பாக ஓடுவது தெரியும். சில நொடிதான். அதற்குள் கெடா வந்துவிடும்.